முதல் ஏழு நாட்கள்



ஐதராபாத்திலுள்ள எங்கள் தமிழ்ச் சபைக்கு ஒவ்வோர் ஆண்டும் ஏப்ரல், மே மாதங்களில் புதிய முகங்கள் வருகின்றன. ஊரில் வயல் வேலை ஓய்ந்திருக்கும். ஜூன் மாதத்துப் பள்ளிச் செலவு கண்முன் நிற்கும். ஆகையால் சித்தப்பனையோ மாமனையோ நம்பி இரவு ரயிலில் ஏறி வந்துவிடுகிறார்கள். ஞாயிறு ஆராதனையில் பின்வரிசையில் அமர்கிற இந்த வாலிபர்கள், திங்கட்கிழமை காலையில் கொண்டாப்பூரிலோ கோகாப்பேட்டையிலோ எழும்புகிற அடுக்குமாடிக் கட்டிடத்தின் மேல் நிற்கிறார்கள். கோடையில் வெளியில் உழைக்கிற யாவருக்கும் ஆபத்து உண்டென்பது நாம் அறிந்ததே. ஆனால் அந்த ஆபத்து எல்லாருக்கும் எல்லா நாளும் ஒரே அளவில் இருப்பதில்லை. புதிதாய் வந்தவனுக்கு முதல் ஏழு நாட்களில் அது மிகவும் அதிகம். இந்த ஒரு காரியத்தை நம் குடும்பங்களும், நம்மிடையே உள்ள மேஸ்திரிகளும் அறிந்துகொள்ள வேண்டும் என்ற பாரத்தினால் இதை எழுதுகிறேன்.

தமிழ்நாட்டிலிருந்து, விசேஷமாகக் கடலோர மாவட்டங்களிலிருந்து வருகிறவர்களை இந்த நகரத்து வெயில் எளிதில் ஏமாற்றிவிடும். ஐதராபாத் தக்காணப் பீடபூமியின்மேல், கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 500 மீட்டர் உயரத்தில், கருங்கற்பாறைகளின் நடுவே அமைந்த பட்டணம். கோடையில் இங்கே காற்று வறண்டிருக்கும். சென்னையில் வியர்வை சட்டையை நனைத்து, 'தண்ணீர் குடி' என்று நமக்கு நினைப்பூட்டும். இங்கேயோ வியர்வை வந்த வேகத்திலேயே காய்ந்துபோகிறது. சட்டை நனையவில்லையே, எனக்கு ஒன்றுமில்லை என்று ஒருவன் எண்ணிக்கொண்டிருக்கும்போதே அவன் உடலிலுள்ள நீர் வற்றிக்கொண்டிருக்கிறது. மே மாதக் கடைசியில் தொடங்கும் ரோகிணிக் கார்த்தியில் உரலும் பிளக்கும் என்று தெலுங்கு மக்கள் சொல்வதுண்டு. வெயிலினால் வரும் தாக்குதலை அவர்கள் 'வடதெப்ப' என்கிறார்கள். தெப்ப என்றால் அடி. அனுபவத்தில் பிறந்த சொல் அது.

வானிலை நிலையம் 41 டிகிரி என்று அறிவிக்கும்போது, அது நிழலில், காற்றோட்டமுள்ள வெள்ளை மரப்பெட்டிக்குள் அளந்த வெப்பம் என்பதையும் நாம் நினைவில் கொள்ள வேண்டும். ஐந்தாம் மாடியில் சென்ட்ரிங் தகடுகளின்மேல் கம்பி கட்டுகிறவன் அந்தப் பெட்டிக்குள் இல்லை. தலைக்கு மேலே சூரியன், காலுக்குக் கீழே காய்ந்த இரும்பு, கையிலே சுடுகிற கம்பி, இவை எல்லாவற்றின் வெப்பத்தையும் அவன் சரீரம் வாங்குகிறது.

இது கற்பனையான பயமல்ல. 2003ஆம் ஆண்டுக் கோடையில் அன்றைய ஒன்றுபட்ட ஆந்திரப் பிரதேசத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் வெப்பத்தினால் மாண்டார்கள். 2015 மே மாதத்து வெப்ப அலையில் இந்தியாவில் 2,000க்கும் அதிகமானோர் மரித்தார்கள். அவர்களில் மிகுதியானோர் ஆந்திராவையும் தெலங்கானாவையும் சேர்ந்தவர்கள். முதியோர், வீடற்றோர், வெளியில் கூலி வேலை செய்தோர் ஆகியோரே அதிகமாய் விழுந்தார்கள். உலகமெங்கும் 240 கோடித் தொழிலாளர்கள் தங்கள் வேலையில் மிகையான வெப்பத்துக்கு ஆளாகிறார்கள் என்று சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 2024ஆம் ஆண்டில் மதிப்பிட்டது.

முதல் ஏழு நாட்கள் என்று நான் ஏன் குறிப்பிட்டுச் சொல்லுகிறேன்? நம் சரீரம் வெப்பத்துக்குப் பழகக் கூடியது. ஆனால் பழகுவதற்கு அதற்கு ஏழு முதல் பதினான்கு நாட்கள் வேண்டும். அந்த நாட்களில் இரத்தத்திலுள்ள நீரின் அளவு கூடுகிறது. வியர்வை முன்னதாகவும் மிகுதியாகவும் சுரக்கிறது. அதில் வெளியேறும் உப்பு குறைகிறது. அதே வேலைக்கு இருதயம் முன்போல் வேகமாய்த் துடிக்க வேண்டியதில்லை. இந்த ஆயத்தங்கள் நடப்பதற்கு முன்பே ஒருவனை முழு வெயிலில் முழு வேலைக்கு நிறுத்தினால், அவன் எவ்வளவு பலசாலியாய் இருந்தாலும் அவன் சரீரம் தயாராக இல்லை. பழகிய பழக்கமும் நிலைத்திராது. ஒரு வாரத்துக்கு மேல் ஊருக்குப் போய் ஓய்ந்திருந்து திரும்புகிற பழைய ஆளும் பெரும்பாலும் புதிய ஆளைப் போலவே ஆகிவிடுகிறான்.

இந்த உண்மை நூறு ஆண்டுகளுக்கு முன்பே தொழில் உலகத்துக்குத் தெரிந்துவிட்டது. தென்னாப்பிரிக்காவின் ஆழமான தங்கச் சுரங்கங்களில், தொலைவான கிராமங்களிலிருந்து கூலிக்கு வந்த மனிதர்கள் 1920களில் வெப்பத் தாக்கினால் விழுந்து மரித்தார்கள். பிறகு அங்கே புதிய ஆட்களைப் படிப்படியாக வெப்பத்துக்குப் பழக்கிய பின்னரே முழு வேலைக்கு இறக்கும் முறை ஏற்பட்டது. அமெரிக்காவில் வெளியிட வேலைகளில் வெப்பத்தினால் நேரிடும் மரணங்களில் பாதிக்கு மேற்பட்டவை, வேலையில் சேர்ந்த முதல் சில நாட்களிலேயே நேரிடுகின்றன என்று அந்நாட்டுத் தொழிற்பாதுகாப்புத் துறை கூறுகிறது. ஆகவே அங்கே ஒரு எளிய கணக்கைச் சிபாரிசு செய்கிறார்கள். முற்றிலும் புதியவனுக்கு முதல் நாள் வெயிலில் ஐந்தில் ஒரு பங்கு வேலை. பிறகு நாளுக்கு ஐந்தில் ஒரு பங்காகக் கூட்டி, ஐந்தாம் நாளில் முழு வேலை. முன்பே அந்த வேலை செய்து பழகித் திரும்பி வந்தவனுக்கு முதல் நாள் பாதி; நான்காம் நாளில் முழு வேலை. மீதி நேரத்தில் அவன் சும்மா இருக்க வேண்டும் என்பதில்லை. நிழலில் கம்பி வளைக்கலாம், ஆணி பிடுங்கலாம், சாமான் எண்ணி வைக்கலாம்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மே மாதத்தில், எங்கள் சபைச் சகோதரி ஒருவரின் அக்காள் மகனைப் பார்க்க மருத்துவமனைக்குப் போனேன். இருபத்திரண்டு வயது, திருவண்ணாமலை மாவட்டத்துக் கிராமத்துப் பிள்ளை. திங்கட்கிழமை வேலையில் சேர்ந்தான்; புதன்கிழமை மத்தியானம் விழுந்தான். உடன் வேலை செய்தவர்கள் நடந்ததைச் சொன்னார்கள். காலையிலேயே தலை வலிக்கிறது என்றிருக்கிறான். சற்று உட்கார்ந்துவிட்டு, முதல் வாரத்திலேயே சோம்பேறி என்ற பெயர் வந்துவிடுமோ என்று பயந்து மறுபடியும் மேலே ஏறியிருக்கிறான். சாப்பாட்டு வேளைக்குப் பிறகு சம்பந்தமில்லாமல் பேசினான், நெடுநாளாய் அறிந்த அண்ணனிடமே மரியாதையின்றிக் கத்தினான், கால்கள் தள்ளாடின. குடித்திருக்கிறான் என்று நினைத்து இரண்டு பேர் சிரித்தார்களாம். அந்தப் பிள்ளை குடிக்கிறவன் அல்ல. பாலமூர் பக்கத்திலிருந்து வந்து சித்தாள் வேலை செய்யும் ஒரு வயதான தாயார்தான் அவன் முகத்தைப் பார்த்து, 'வடதெப்ப' என்று கூவி, கான்கிரீட்டுக்கு க்யூரிங் செய்யும் தண்ணீர்க் குழாயை இழுத்து அவன்மேல் திருப்பினார்கள். அவன் பிழைத்தான். ஆனால் தசைகள் சிதைந்து சிறுநீரகம் பழுதுபட்டு, பத்து நாட்கள் படுக்கையில் கிடந்தான். 'ஆம்புலன்ஸ் வரும்வரை அந்த அம்மாள் ஊற்றிய தண்ணீர்தான் இவனை எங்கள் கையில் உயிரோடு கொடுத்தது' என்று மருத்துவர் என்னிடம் சொன்னார்.

அந்தத் தாயார் அறிந்திருந்ததை நாம் ஒவ்வொருவரும் அறிந்திருக்க வேண்டும். தலைவலி, மயக்கம், குமட்டல், தசைப் பிடிப்பு, மிகுந்த சோர்வு, இவை முதல் எச்சரிக்கைகள். இந்த நிலையில் வேலையை நிறுத்தி, நிழலுக்கு வந்து, உப்பும் சர்க்கரையும் கலந்த தண்ணீரைக் குடித்தால் பெரும்பாலோர் தேறிவிடுவர். ஆனால் புத்தி தடுமாறினால், பேச்சு குழறினால், வலிப்பு வந்தால், நினைவு தப்பினால், அது வெப்பத் தாக்கு. உடலின் உள்வெப்பம் 40 டிகிரியையும் தாண்டிவிட்டது என்று கொள்ள வேண்டும். வியர்வை நின்றுபோனால்தான் வெப்பத் தாக்கு என்று பலர் நினைக்கிறார்கள். கடின உழைப்பில் வருகிற தாக்கில் வியர்வை கொட்டிக்கொண்டே இருக்கவும் கூடும். ஆகையால் வியர்வையைப் பார்க்காதீர்கள், புத்தியைப் பாருங்கள். பெயரைக் கேளுங்கள், கிழமையைக் கேளுங்கள். பதில் தடுமாறினால் தாமதிக்க வேண்டாம்.

உடனே 108க்கு அழையுங்கள். அந்தச் சேவை 2005 ஆகஸ்டு 15ஆம் தேதி இந்த ஐதராபாத்தில்தான் தொடங்கிற்று. வண்டி வரும்வரை கைகட்டி நிற்க வேண்டாம். நிழலில் கிடத்தி, உடையைத் தளர்த்தி, உடல் முழுவதும் குளிர்ந்த தண்ணீரை ஊற்றி, அட்டையினாலோ துண்டினாலோ விசிறிக்கொண்டே இருங்கள். பனிக்கட்டி கிடைத்தால் கழுத்திலும் அக்குளிலும் தொடையிடுக்கிலும் வையுங்கள். முதல் அரைமணி நேரத்தில் உடல் குளிர்ந்தால் உயிர் பிழைக்கும் வாய்ப்பு மிக அதிகம். நினைவு தப்பியவன் வாயில் தண்ணீர் ஊற்றக்கூடாது. அது நுரையீரலுக்குள் போய்விடும். பாரசிட்டமால் மாத்திரை கிருமியினால் வருகிற காய்ச்சலுக்கு உதவும். வெயிலினால் வந்த இந்தச் சூட்டுக்கு உதவாது.

இனி சற்றுக் கடினமான காரியத்துக்கு வருகிறேன். மேலே சொன்னவற்றை நான் எங்கள் சபையிலுள்ள ஒரு மேஸ்திரியிடம் சொன்னபோது அவர் மறுக்கவில்லை. இருபது ஆண்டுகளுக்கு முன் கள்ளக்குறிச்சிப் பக்கத்திலிருந்து சித்தாளாக வந்து உயர்ந்தவர். இரக்கமற்ற மனிதர் அல்ல. ஆனால் அவர் சொன்னார்: 'பாஸ்டர் ஐயா, எனக்குச் சதுர அடிக் கணக்கில் பணம். புதுப் பையன் ஐந்து நாள் அரைவேலை செய்தால் அந்தக் கூலியை யார் கொடுப்பது? பையனும் ஊருக்கு அனுப்பப் பணம் வேண்டும் என்று மேலே ஏறத்தானே பார்க்கிறான்?' இதுவே இந்த விஷயத்தின் முடிச்சு. தண்ணீர் குடி, நிழலில் இரு என்று தொழிலாளிக்குப் புத்தி சொல்வது எளிது. அவன் நிழலில் இருக்கும் நேரத்துக்குக் கூலி பிடிக்கப்படுமானால், அவன் நிழலில் இருக்க மாட்டான்.

திராட்சத் தோட்டத்து எஜமானைப் பற்றி நம் ஆண்டவர் சொன்ன உவமையை நாம் அநேகந்தரம் கேட்டிருக்கிறோம். ஒரு மணி நேரம் மாத்திரம் வேலை செய்தவர்களுக்கும் அவன் முழு நாள் கூலியைக் கொடுத்தான். பகலின் வெயிலைச் சுமந்தவர்கள் முறுமுறுத்தார்கள். அது பரலோக ராஜ்யத்தைப் பற்றிய உவமை என்பது உண்மையே. ஆனாலும் கூலி கொடுக்கிற கைக்கும் அதில் ஒரு பாடம் இருக்கிறது. முதல் வாரத்தில் குறைந்த வேலை செய்கிற புதியவனுக்கு முழுக் கூலி கொடுங்கள் என்று நான் அந்த மேஸ்திரியிடம் சொன்னேன். அவர் ஒருவரால் மாத்திரம் அது முடியாது என்பதும் எனக்குத் தெரியும். கட்டிட உரிமையாளரும் ஒப்பந்தக்காரரும் விலை பேசும்போதே கோடை மாதங்களுக்கு அந்தச் செலவைச் சேர்க்க வேண்டும். நம் வாசகர்களில் பொறியாளர்கள் இருக்கிறீர்கள். கடன் வாங்கிச் சொந்த வீடு கட்டுகிறவர்களும் இருக்கிறீர்கள். அப்படியானால் எஜமான் என்பது வேறு யாரோ அல்ல, நாம்தான்.

பொறியாளர்களுக்கு ஒன்று சொல்வேன். கான்கிரீட் வெயிலில் சீக்கிரம் இறுகி வெடித்துவிடும் என்று அறிந்து, அதைக் குளிர்ந்த வேளையில் போடுகிறோம்; ஈரச்சாக்கு போர்த்துகிறோம்; நாள் தவறாமல் தண்ணீர் விடுகிறோம். அதைச் சுமந்து கொட்டிய மனிதனுக்கும் அதே கரிசனையைக் காட்டக்கூடாதா? காலை ஆறு மணிக்கு வேலையைத் தொடங்கி, நண்பகலுக்கு முன் நிறுத்தி, மாலை நான்கு மணிக்கு மேல் தொடரலாம். தளம் போடும் வேலையை இரவுக்கு ஒதுக்கலாம். கேரளத்தில் ஒவ்வொரு கோடையிலும் தொழிலாளர் துறை நண்பகல் 12 முதல் 3 மணி வரை வெயில் வேலையை நிறுத்தி நேரத்தை மாற்றியமைக்கிறது. நம் உறவினர் பலர் உழைக்கிற வளைகுடா நாடுகளிலும் சட்டம் இருக்கிறது. ஐக்கிய அரபு அமீரகத்தில் ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை மத்தியானம் 12.30 முதல் 3 மணி வரை வெயிலில் வேலை கூடாது. கத்தாரில் 2021 முதல் ஜூன் 1 தொடங்கிச் செப்டம்பர் 15 வரை காலை 10 முதல் மாலை 3.30 வரை தடை உண்டு.

தண்ணீரின் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். வெயிலில் கடினமாய் உழைக்கிறவன் தாகம் எடுக்கும்வரை காத்திராமல், இருபது நிமிடத்துக்கு ஒரு தம்ளர் குடிக்க வேண்டும். அது மணிக்கு முக்கால் லிட்டர். எட்டு மணி நேரத்துக்கு ஆறு லிட்டர். 20 லிட்டர் கேன் ஒன்று மூன்று பேருக்கே போதுமானது. பத்துப் பேர் வேலை செய்கிற இடத்தில் ஒரு கேனை வைத்துவிட்டு, தண்ணீர் வைத்திருக்கிறேன் என்று சொல்லக்கூடாது. அந்தக் கேன் கீழ்த்தளத்தில் இருந்து, ஆட்கள் ஆறாம் மாடியில் இருந்தாலும் பயனில்லை. வேலை நடக்கும் மாடிக்குத் தண்ணீர் ஏற வேண்டும். பெண்களைக் குறித்தும் சொல்ல வேண்டும். அநேக சித்தாள் சகோதரிகள் தாகத்தோடே நாள் முழுவதும் உழைக்கிறார்கள். காரணம், தளத்தில் அவர்களுக்கென்று கழிப்பிடம் இல்லை. கழிப்பிடம் கட்டாத இடத்தில் பெண்களுக்குத் தண்ணீர் கொடுத்தாலும் அவர்கள் குடிக்க மாட்டார்கள். கர்ப்பவதிகளுக்கு இது இன்னும் மோசமானது. சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவனத்தைச் சேர்ந்த பேராசிரியை வித்யா வேணுகோபாலும் உடன் ஆய்வாளர்களும் தமிழ்நாட்டில் 800 கர்ப்பிணிகளிடம் செய்த ஆய்வு 2024இல் வெளியானது. மிகுந்த வெப்பத்தில் வேலை செய்தவர்களுக்குக் கருச்சிதைவு அபாயம் இருமடங்காய் இருந்ததை அது காட்டிற்று.

ரூத்தின் சரித்திரத்தை இந்தக் கண்ணோடு வாசித்துப் பாருங்கள். அவள் மோவாபிலிருந்து வந்த அந்நியப் பெண். வயலில் அவளுக்கு அது புதிய வேலை. போவாஸ் அவளுக்குச் செய்த உபகாரங்களில் ஒன்று, தாகம் எடுத்தால் தன் வேலைக்காரர் மொண்டு வைத்த பாத்திரங்களில் தயங்காமல் குடிக்கலாம் என்று அனுமதித்தது. அந்த வயலருகே சற்று ஒதுங்கி இளைப்பாற ஒரு குடிசையும் இருந்தது. தண்ணீர், நிழல், புதியவள் என்று அறிந்து விசாரிக்கிற எஜமான், மூன்றும் அங்கே இருந்தன.

சட்டமும் நம் பக்கம் நிற்கிறது. கட்டிடத் தொழிலாளருக்கான 1996ஆம் ஆண்டுச் சட்டம் வேலைத்தளத்தில் குடிநீரையும் கழிப்பிடத்தையும் கட்டாயமாக்கிற்று. அதன் இடத்தில் 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்திருக்கும் தொழிற்பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் குடிநீர் கொடுப்பது வேலை கொடுக்கிறவரின் கடமையே. தமிழ்நாடு அரசு 2024 அக்டோபரிலும், தெலங்கானா அரசு 2025 ஏப்ரலிலும் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தன. வெப்பத்தினால் மரித்தவரின் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் நிவாரணம் உண்டு. ஆனால் மரணத்தின் காரணம் வெப்பம் என்று அதிகாரபூர்வமாய் உறுதியாக வேண்டும். மாரடைப்பு என்று எழுதி அவசரமாய் ஊருக்கு அனுப்பப்படுகிற சடலங்களின் குடும்பங்களுக்கு ஒன்றும் கிடைப்பதில்லை. அப்படிப்பட்ட துயரம் நேரிட்டால், சடலத்தை எடுக்குமுன் காவல் நிலையத்திலும் அரசு மருத்துவமனையிலும் பதிவு செய்யுங்கள்.

இரவையும் மறவாதிருங்கள். பகலில் வெந்த சரீரம் இரவில் குளிர்ந்தால்தான் மறுநாளைத் தாங்கும். நம் வாலிபர்களோ தளத்தருகே தகரக் கொட்டகையில் உறங்குகிறார்கள். 2017ஆம் ஆண்டில் இந்த நகரத்துத் தேவரகொண்டா பஸ்தியில், எளிய வீடுகளின் கூரைகளில் வெயிலைத் திருப்பியனுப்பும் வெண்ணிற விரிப்பைப் பரப்பிப் பார்த்தார்கள். வீட்டுக்குள் வெப்பம் சராசரியாக 2 டிகிரி குறைந்தது. 2023இல் தெலங்கானா அரசு குளிர்கூரைக் கொள்கையையே அறிவித்தது. ஒரு கொட்டகையின் தகரத்துக்குச் சுண்ணாம்பு பூச ஒரு சனிக்கிழமை மாலை போதும். அது நம் வாலிபர் கூட்டங்கள் செய்யக்கூடிய ஊழியம்.

உபவாசத்தைக் குறித்தும் ஒரு வார்த்தை. உபவாச ஜெபத்தின் அருமையை நான் குறைத்துப் பேசேன். ஆனால் மே மாதத்து வெள்ளிக்கிழமையில் தண்ணீரும் அருந்தாமல் சென்ட்ரிங் பலகையின்மேல் ஏறுவது வேண்டாம். வேலையில்லாத நாளில் உபவாசியுங்கள். வேலை நாளில் தண்ணீர் குடித்து ஜெபியுங்கள். சூனேம் ஊராளின் மகன் அறுப்பு வயலில் தகப்பனிடத்தில் போய்த் தன் தலை நோகிறதென்று கதறினான். தாயின் மடியில் மத்தியானம்வரை இருந்து மரித்தான். வேதம் வியாதியின் பெயரைச் சொல்லவில்லை. வெயிலின் தாக்குதல் என்றே பலரும் கருதுகிறார்கள். எலிசாவின் ஜெபத்தினால் அவன் உயிரடைந்தான். நாமும் ஜெபிக்கிறோம். ஜெபிக்கும்போதே தண்ணீரை ஊற்றுவதும், 108ஐ அழைப்பதும் விசுவாசக் குறைவல்ல.

ஆகையால் அன்பானவர்களே, இந்தக் கோடையில் உங்கள் சபைக்குப் புதிதாய் ஒரு வாலிபன் வந்தால், எந்த ஊர், யார் மகன் என்று விசாரிப்பதோடு நிறுத்தாதிருங்கள். எந்தத் தளத்தில் வேலை செய்கிறான், இது எத்தனையாவது நாள் என்றும் கேளுங்கள். ஏழு நாட்கள் நிறைவேறவில்லை என்றால், அவனுடைய மேஸ்திரியின் தொலைபேசி எண்ணை வாங்கி, அன்று மாலையே அவரிடம் பேசுங்கள்.